தலைவலி வேஷம்

முதல் மாணவன் உள்ளே வருவதற்குள்ளாகவே நாடகக்காரர் இரண்டு முறை கழிப்பறைக்குப் போய் வந்துவிட்டார். இன்னொரு முறை போய்விட்டு வந்துவிடலாமா என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது தாழ்வாரத்தில் மணி அடித்துவிட்டது. இனி இடைவேளை வரைக்கும் அவர் நோயாளி. தலையைப் பிடித்துக்கொண்டு முனகலாம், வாந்தி வருவதாகச் சொல்லலாம், ஆனால் எழுந்து வெளியே ஓடக்கூடாது.

அவருக்குத் தலைவலி கிடையாது. அது மருத்துவக் கல்லூரி எழுதிக் கொடுத்த வேஷம். மாணவர்கள் நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார்கள், எப்படிச் சோதிக்கிறார்கள், கடைசியில் என்ன நோய் என்று கண்டுபிடிக்கிறார்கள் என்பதற்கெல்லாம் தேர்வு வைப்பார்கள். அதற்கு நோயாளியாக நடிக்க ஆள் வேண்டும். நாடகக்குழு கலைந்துபோன பிறகு வீட்டில் உட்கார்ந்து டிவி சீரியல் நடிகர்களைத் திட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு இந்த வேலை கிடைத்ததும் மறுபிறவி எடுத்தது மாதிரி ஆகிவிட்டது. ஒரு காட்சிக்கு ஒரே ஒரு ரசிகர்தான். ஆனாலும் எந்த மேடையிலும் யாரும் அவர் முகத்தை இவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை.

அந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து. சில மாதங்களாகவே அவருக்கு அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது. வந்தால் நிற்க விடாது, போனால் முழுசாக வராது. இதை வெளியே சொல்ல முடியவில்லை. போன வருஷம் வயிற்றுவலி வேஷம் போட்டவருக்கு நிஜமாகவே இருமல் இருந்தது. பாதிப் பிள்ளைகள் வயிற்றை விட்டுவிட்டு நுரையீரலைப் பிடித்துக்கொண்டார்கள். தேர்வை நடத்தும் பேராசிரியை அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"இங்க நாங்க எழுதிக் கொடுக்கற நோய் மட்டும்தான் இருக்கணும். சொந்த நோயை யாரும் எடுத்துட்டு வரக்கூடாது" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

மனைவிக்கு இந்த நியாயம் புரியவில்லை.

"கல்லூரி பூரா டாக்டரா இருக்காங்க. ஒருத்தர்கிட்ட வாயைத் திறந்தா என்ன?"

"திறந்தா வேலை போயிடும்."

"திறக்காட்டி?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மனைவியின் தம்பி நடத்தும் மூலிகைக் கடைக்குப் போனார். மச்சினன் முகத்தைப் பார்த்தே புராஸ்டேட் என்று சொல்லிவிட்டு, கையோடு ஒரு பாட்டில் மாத்திரையும் ஒரு டப்பா பொடியும் கொடுத்தான். நோயைச் சொன்னவனும் அவனே, மருந்தை விற்றவனும் அவனே. பாட்டில் மேல் ஓர் அருவிப் படம் போட்டிருந்தது. அதைப் பார்த்தாலே நாடகக்காரருக்கு அடிவயிறு கனத்தது.

"மாமா, இதைச் சும்மா முழுங்கக்கூடாது. வெந்நீர் நிறையக் குடிக்கணும். அப்பத்தான் வேர்ச்சத்து அடிவரைக்கும் இறங்கும்" என்றான் மச்சினன்.

தேர்வு நாள் அல்லவா, கொஞ்சம் கூடுதலாகவே இறங்கட்டும் என்று காலையில் இரண்டு மாத்திரைகளை விழுங்கி, ஒரு கூஜா வெந்நீரையும் குடித்துவிட்டுத்தான் அவர் வந்திருந்தார். மனசில் ஒரே வைராக்கியம். இந்தத் தேர்வை ஒரு குறையும் இல்லாமல் நடித்து முடித்துவிட வேண்டும்.

முதல் மாணவன் வணக்கம் சொன்னான், பெயர் சொன்னான், நேராக மூலையிலிருந்த கைகழுவும் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தான்.

தண்ணீர் சளசளவென்று கொட்டியது. நாடகக்காரர் முழங்கால்களை ஒன்றோடொன்று சேர்த்து இறுக்கிக்கொண்டார்.

"தம்பி, போதும். கை சுத்தமாத்தான் இருக்கு."

"இல்லைங்கய்யா, சோப்பு போட்டு விரல் இடுக்கெல்லாம் தேய்க்கணும். அதுக்குத் தனி மார்க்."

அந்த மார்க்கைக் கண்டுபிடித்தவர் போன ஜென்மத்துப் பகையாளியாகத்தான் இருக்க வேண்டும். ஒருவழியாகக் குழாய் நின்றது. நாடகக்காரர் நெற்றியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குப் பின்னால் குத்துவதையும் வெளிச்சம் பட்டால் கூசுவதையும் உருக்கமாகச் சொன்னார்.

கேட்டுக்கொண்டே இருந்த மாணவன், "காலை ஏன் இப்படி இறுக்கி வச்சிருக்கீங்க?" என்றான்.

கொடுத்த பாடத்தில் கால் இல்லை. ஆனால் மேடையில் வசனம் மறந்து நின்ற பழக்கமும் அவருக்கு இல்லை.

"தலைவலி வந்தா காலும் இழுக்குது தம்பி."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. மாணவன் பையிலிருந்து சின்ன ரப்பர் சுத்தியலை எடுத்து முழங்காலுக்குக் கீழே தட்ட ஆரம்பித்தான். ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே எங்கேயோ ஓர் அணை ஆடியது. அவர் பல்லைக் கடித்தார். மாணவன் அவர் பல்லையும் பார்த்தான், காலையும் பார்த்தான், தாளில் என்னவோ நீளமாக எழுதிக்கொண்டு போனான்.

அவன் போன கதவு மூடுவதற்குள் அடுத்தவன் வந்து குழாயைத் திறந்தான். குண்டுப் பையன், நல்ல சுறுசுறுப்பு.

"படுங்கய்யா, வயித்தைப் பார்க்கணும்."

"வலிக்கறது தலை."

"எங்க வலிச்சாலும் முழுசாப் பார்க்கணும்னு மேடம் சொல்லியிருக்காங்க."

வேறு வழியில்லாமல் படுத்தார். பையன் மேல்வயிற்றில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினான். நாடகக்காரர் கூரையைப் பார்த்தபடி உலகத்தில் ஈரமே இல்லாத பொருள்களை நினைத்துக்கொண்டார். மணல், சுண்ணாம்பு, மச்சினனின் மனசு.

"இங்க வலிக்குதா?"

"வலி இல்ல. அமுக்காதீங்க."

"வலி இல்லைன்னா ஏன் அமுக்கக் கூடாது?"

"கூச்சம் தம்பி."

பையன் கையை எடுத்துவிட்டு அவரை ஒரு மாதிரி பார்த்தான். இவனும் நீளமாக எழுதினான். பிள்ளைகள் கண்டுபிடித்ததை நோயாளியிடம் சொல்லக்கூடாது, தாளில்தான் எழுத வேண்டும் என்பது விதி. எட்டிப் பார்க்கவும் முடியாது. என்ன எழுதியிருப்பான் என்கிற கவலை அவருக்கு அப்போதுதான் முதன்முதலாக வந்தது.

இடைவேளை மணி அடித்ததும் வழியில் யாரையும் பார்க்காமல் ஓடினார். போய்விட்டு வந்து, மாடிப்படிக்கு அடியில் நின்று மச்சினனுக்குப் போன் போட்டார்.

"உன் மருந்தைச் சாப்பிட்டதுலேர்ந்து ரொம்ப மோசம்டா."

"அது மருந்து வேலை செய்யற அறிகுறி மாமா. உள்ள இருக்கற கசடையெல்லாம் தள்ளுது. பூசணி விதைப் பொடி கையில இருக்கா? அதையும் இப்பவே ஒரு கரண்டி போட்டுக்குங்க. தண்ணி மட்டும் தாராளமா குடிங்க."

"தண்ணி குடிச்சா இன்னும் வருமேடா."

"வரட்டும் மாமா. வந்தாத்தானே போகும்."

மறுத்துப் பேச முடியாத நியாயமாக இருந்தது. பொடியைப் போட்டுக்கொண்டு, பாட்டில் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடித்து முடித்த பிறகுதான் இன்னும் பாதித் தேர்வு பாக்கியிருப்பது ஞாபகத்துக்கு வந்தது.

இனி ஒரே வழிதான். சீக்கிரமாகப் பேசி, சீக்கிரமாக அனுப்ப வேண்டும். அடுத்து வந்த மாணவி கை துடைத்துக்கொண்டு உட்காருவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"வலி ஒரு பக்கம்தான்மா, துடிக்குது, வெளிச்சம் ஆகாது, வாந்தி உண்டு, காய்ச்சல் இல்ல, எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு, யூரினெல்லாம் நல்லாப் போகுது, அதுல ஒரு குறையும் இல்ல."

மாணவி பேனாவைக் கையில் வைத்தபடியே பார்த்தாள்.

"யூரினைப் பத்தி நான் கேக்கவே இல்லையேங்கய்யா."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று தானே போய்ச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் வேர்த்தது. அவள் வேர்வையையும் குறித்துக்கொண்டாள். அதற்கப்புறம் வந்தவர்களிடம் மெதுவாகப் பேசிப் பார்த்தார், நெளிந்தார். நெளிவது தெரியாமலிருக்க முன்னும் பின்னும் ஆடினார். ஆட்டத்துக்குக் காரணம் தலைச்சுற்றல் என்றார். உடனே ஒருவன் அவரை எழுப்பி, கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னான். அந்த நிலையில் நின்றுகொண்டு தன்னைக் காப்பாற்றிக்கொண்டதுதான் அவருடைய நடிப்பு வாழ்க்கையின் உச்சம். கைதட்டத்தான் ஆள் இல்லை.

கடைசியாக வந்தவள் குரலே எழாத ஒரு பெண். எல்லாம் கேட்டு முடித்த பிறகு அவர் கையைத் தொட்டாள்.

"ஐயா, இதையெல்லாம் அடக்கி வச்சுக்கக்கூடாது. பயப்பட இதுல ஒண்ணும் இல்ல. நல்ல டாக்டராப் பார்த்துக் காட்டுங்க."

நாடகக்காரர் மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டார். போச்சு, இவளுக்கும் தெரிந்துவிட்டது.

மணி அடித்ததும் மறுபடி ஓடினார். கழிப்பறையிலிருந்து வெளியே வரும்போது சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நீ என்ன எழுதின?"

"நீ எழுதினதுதான். எல்லாரும் ஒரே பதில்தான் எழுதியிருக்கோம்."

"தப்பா இருந்தா?"

"தப்புன்னா எல்லாருக்கும் தப்பு. எனக்கு இது ரெண்டாவது தடவைடா. இந்தத் தடவையும் போச்சுன்னா எங்க அப்பா என்னைப் படிக்க விடமாட்டாரு." அந்தக் குண்டுப் பையன்தான். அழுதுவிடுவான் போலிருந்தது.

நாடகக்காரர் ஈரக் கையோடு அப்படியே நின்றார். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். அவர் எவ்வளவு மூடியும் நோயைச் சரியாகவே பிடித்துவிட்டார்கள். ஆனால் விடைத்தாள் கேட்பது தலைவலி. பேராசிரியை எல்லோருக்கும் சைபர் போடுவார். தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வகுப்பையே கவிழ்த்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. மேடையில் அவர் எத்தனையோ தப்பு செய்திருக்கிறார். கூட நடிப்பவனை மாட்டிவிட்டுத் தான் தப்பித்ததில்லை. வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்தார். முடிவு செய்த கையோடு இன்னொரு முறை உள்ளே போய்விட்டு, பேராசிரியையின் அறைக்கு நடந்தார்.

பேராசிரியை விடைத்தாள்களை அடுக்கி வைத்துவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். இன்னைக்கு..."

"மேடம், முதல்ல நான் சொல்லிடறேன். பிள்ளைங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

"என்ன தப்பு? நான்..."

"குறுக்கே பேசாதீங்க மேடம், விட்டா தைரியம் போயிடும். தலைவலி நீங்க கொடுத்தது. ஆனா எனக்குச் சொந்தமா ஒண்ணு இருக்கு. புராஸ்டேட்டுன்னு மச்சினன் சொல்றான். ஒன்றரை மணி நேரம் அடக்கிக்கிட்டு, நெளிஞ்சுக்கிட்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லி அந்தக் குழந்தைங்களைக் குழப்பினது நான்தான். இருமல்காரரை அனுப்பின மாதிரி என்னையும் அனுப்பிடுங்க. மார்க்குல மட்டும் கை வைக்காதீங்க."

சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. இந்த முறை அது நடிப்பில்லை. மாத்திரை, பொடி, வெந்நீர், அருவிப் படம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். இத்தனை மாதம் அடக்கி வைத்ததை ஒருவரிடம் சொன்னதில் உடம்பே லேசானது மாதிரி இருந்தது.

பேராசிரியை விடைத்தாள்களை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க. எத்தனை நாளா இப்படி? ரத்தம் ஏதாவது வருதா? எரிச்சல்? பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறீங்களா?"

எல்லாவற்றுக்கும் உண்மையான பதில் சொன்னார். பழக்கமில்லாததால் கொஞ்சம் தடுமாறினார்.

"உங்க வயசுல நிறைய பேருக்கு வர்றதுதான். ஆனா என்ன, எதனாலன்னு முதல்ல பார்க்கணும். மச்சினர் பார்த்தா போதாது. அந்தப் பாட்டில், பொடி எல்லாத்தையும் எடுத்துட்டு நாளைக்குக் காலையில வாங்க, இதுக்குன்னு இருக்கற டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் கூஜா கூஜாவா தண்ணி குடிக்கறதை நிறுத்துங்க. அவ்வளவு குடிச்சா நானே ஓட வேண்டியதுதான்."

"அப்ப வேலை?"

"உடம்பைச் சரி பண்ணிட்டு வாங்க. வேலை எங்கேயும் ஓடிடாது."

நாடகக்காரர் கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவுவரை போனவர் திரும்பினார். வந்த காரியத்தை முடிக்காமல் போகக்கூடாது என்ற பிடிவாதம்.

"பிள்ளைங்க எல்லாரும் பாஸ்தானே மேடம்?"

பேராசிரியை மூடி வைத்த பேனாவை மறுபடியும் திறந்தார்.

"நீங்க உள்ள வர்ற வரைக்கும் எல்லாரும் பாஸ்தான் சார், ஒருத்தர் விடாம ஒத்தைத் தலைவலின்னுதான் எழுதியிருக்காங்க, இவ்வளவு நெளிஞ்ச மனுஷனைப் பார்த்தும் ஒருத்தருக்குக்கூட சந்தேகம் வரலைன்னு இப்பதானே தெரியுது, இனிமே ஃபெயில்தான் போடணும்."