ஆஃப் சீசனில் ஓர் அரண்மனை

இந்த வருஷம் குடும்பத்தோடு எங்கேயும் போவதில்லை என்று வீரத் தீர்மானம் ஒன்று எடுத்தேன். லீவு போட்டால் வீட்டு சோபாவில்தான் கழியும். ஆனால் அதை மனைவியிடம் நேராகச் சொல்லும் அளவுக்கு வீரம் போதவில்லை. சுற்றி வளைத்தேன்.

"பழைய தலைநகரத்து அரண்மனை, கோட்டையெல்லாம் பார்க்கணும்னு சொல்லிட்டே இருந்தியே, போவோமா? ஆனா சீசன்ல வேண்டாம், ஒரே கூட்டம். ஆஃப் சீசன்ல போவோம்."

மழை கொட்டுகிற மாதம். பள்ளிக்கூடம் நடக்கிற மாதம். பெற்ற தாய் எவளும் சம்மதிக்க மாட்டாள்.

"சரிங்க" என்றாள்.

இந்த வீட்டில் 'சரிங்க' சொல்வது என் இலாகா.

"ஆஃப் சீசன்னா பாதி சீசனாப்பா?" என்றான் மகன்.

"இல்லடா, அரண்மனையை ஆஃப் பண்ணி வச்சிருப்பாங்க" என்றாள் அவன் அக்கா.

நான் மனைவி பக்கம் திரும்பினேன். "மழை பெய்யுமே?"

"ரெயின்கோட்டை எடுத்துட்டுப் போனா ஆச்சு."

"ரெயின் கோட்டையா? அது எந்த ராஜா கட்டினதும்மா?" என்றான் மகன்.

"சரி, பசங்களுக்கு ஸ்கூல்?"

"வரலாறு டீச்சரைக் கேட்டுட்டேன். போயிட்டு வந்து கிளாஸ்ல பேசட்டும்னாங்க."

"எப்பக் கேட்ட?"

"போன வாரம்."

நான் வாயைத் திறந்ததே இன்றைக்குத்தான்! போக வேண்டாம் என்று நினைப்பவன் நான். போகலாம் என்று சொன்னவனும் நான். ஏற்பாடு செய்திருப்பவள் அவள். இதில் யார் யாரை ஏமாற்றுகிறோம் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"மேனேஜர் லீவு தர மாட்டாரே! நான் இல்லேன்னா அவருக்குக் கை ஒடிஞ்ச மாதிரி."

"அப்படியா?" அவள் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. ஜெயித்த பாவம்.

மறுநாள் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். சிரித்தார். அந்த முகத்தில் பல் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

"உங்க வீட்டம்மா என் சம்சாரத்தை மார்க்கெட்ல பார்த்துப் பேசினாங்களாம். அருமையான யோசனை சார்! நாங்களும் உங்ககூட வர்றோம். ஃபைலையெல்லாம் கட்டி எடுத்துக்குங்க. காலையில கோட்டை, மத்தியானம் ஆபீஸ்!"

வீட்டுக்கு ஓடினேன். "என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?"

பிள்ளைகளின் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்:

"லீவு கிடைக்காதுன்னு வருத்தப்பட்டீங்களே... இப்ப உங்களுக்கு லீவே தேவையில்லைங்க."