எனக்குக் கிடைத்த ஹைக்

ஆங்கிலம் அறவே தெரியாதவர்களுக்கு ஆங்கிலத்தால் பெரிய ஆபத்து எதுவும் வருவதில்லை. புரியாவிட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆபத்தெல்லாம் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்குத்தான். இருபத்திரண்டு வயதில் எனக்குத் தெரியாத ஆங்கிலச் சொல்லே கிடையாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். (என் அப்பா என்னைவிட அதிகமாக நம்பிக்கொண்டிருந்தார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே வீட்டுச் சரக்கு.)

எழுபதுகளில் தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கடலைத் தூர்வாரும் இயந்திரங்களைக் கவனிக்க நார்வேயிலிருந்து ஹால்வர் என்று ஓர் எஞ்சினியர் வந்திருந்தார். அவருடைய அலுவலகத்தில் நான் தற்காலிக டைப்பிஸ்ட். மாலையில் அவர் மனைவி இங்ரிட்டுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பேன். நமக்கெல்லாம் நார்வே எப்படியோ அப்படி அவர்களுக்குத் தூத்துக்குடி. ஊர் நினைப்பு வரும்போதெல்லாம் இங்ரிட் மொட்டைமாடிக்குப் போய், எங்கேயாவது ஒரு மலை தெரிகிறதா என்று பார்ப்பாள். உப்பளம்தான் தெரியும்.

என் அப்பா சாத்தான்குளத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தார். என்னை விடுதியில் தங்கவைத்து வேலைக்கு அனுப்பும்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஏளா கிரேஸ், ஒரு வருசம் பாப்பேன். அதுக்குள்ள வேலை பெர்மனென்ட் ஆவணும். ஆவலன்னா பேசாம வீட்டுக்கு வந்து, நான் காட்டுத பையனக் கட்டிக்கிடணும்." அந்த வருடம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. அவர் காட்டுவதாக இருந்த பையனுக்குச் சொந்தமாக அரிசி மில் இருந்தது. மில் ஓடும் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால், கோயிலில் ஜெபம் பண்ணும்போதும் அதே குரல்தான்.

இந்த நிலையில் ஒரு நாள் இங்ரிட் முகமெல்லாம் சந்தோஷமாகச் சொன்னாள்: "ஊரிலிருந்து எங்கள் நண்பர்கள் வருகிறார்கள். சனிக்கிழமை ஒரு ஹைக். நீயும் இருக்கிறாய்."

ஹைக் என்றால் உயர்வு என்று எனக்குத் தெரியாதா? பேப்பரில் தினமும் வருகிறதே. கெரசின் விலை ஹைக், பஸ் கட்டணம் ஹைக். எனக்குச் சம்பள ஹைக். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ரொம்ப நன்றி. நான் எதிர்பார்க்கவே இல்லை" என்றேன்.

இங்ரிட் கொஞ்சம் குழம்பினாள். "பழக்கம் இல்லாவிட்டால் சிறியதாகத் தொடங்கலாம்."

"வேண்டாம். பெரிதாகவே இருக்கட்டும்."

"உனக்குத் தாங்குமா?"

"எவ்வளவு பெரிதானாலும் தாங்குவேன்."

அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எங்கே வைத்துக்கொள்ளலாம், உங்கள் ஊர்ப் பக்கம் நல்ல இடம் இருக்கிறதா என்று கேட்டாள். வெளிநாட்டு விருந்தாளிகள் முன்னிலையில் ஒரு சின்ன விழா போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, எங்கள் பக்கத்துத் தேரியைச் சொன்னேன். கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற காடு அது. வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். "தேரி எனக்கு அத்துப்படி" என்றும் சேர்த்துக்கொண்டேன். (பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.)

ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னபோது அவர் தராசைக் கீழே வைத்துவிட்டார். "ஹைக்கா? அவிய வாயாலயே சொன்னாவளா?" என்று கேட்டார். பிறகு, "பொம்பளப்பிள்ளையத் தனியா அனுப்ப முடியாது. நானும் வாரேன். வெறுங்கையோட போகப்பிடாது" என்று சொல்லி ஒரு பெட்டி மக்ரூன் வாங்கி வைத்தார்.

சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றபோது நான் அரக்குப் பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை, குதிகால் உயர்ந்த புதுச் செருப்பு சகிதம் தயாராக இருந்தேன். அப்பா ஈஸ்டருக்கு மட்டும் எடுக்கும் வேட்டி கட்டி, கையில் குடையும் மக்ரூன் பெட்டியுமாக நின்றார். ஜீப்பிலிருந்து இறங்கிய நான்கு பேரும் அரைக்கால் சட்டை, கனத்த பூட்ஸ், முதுகில் பை. விருந்தாளிகளில் பியோர்ன் என்பவர், பனைமரத்துக்குக் கைகால் முளைத்த மாதிரி இருந்தார். அவர் மனைவி மேரித் என் சேலையைத் தொட்டுப் பார்த்து, "இந்த ஊரில் இதைப் போட்டுக்கொண்டா நடப்பீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

"ஆமாம், விசேஷ நாட்களில்" என்றேன்.

தேரியின் மேற்கு ஓரத்தில் ஜீப் எங்களை இறக்கிவிட்டது. ஹால்வர் டிரைவரிடம், "சாப்பாட்டோடு ஆலந்தலையில் போய் நில். நாங்கள் நடந்து வந்துவிடுகிறோம்" என்றார். ஜீப் போய்விட்டது. ஆலந்தலை கடற்கரையில் இருக்கிறது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் முழுத் தேரியும் இருந்தது.

அப்பா என் காதருகே வந்தார். "ஏளா, ஹைக் எப்ப குடுப்பாவ?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "அப்பா, இதுதான் ஹைக்."

"எது?"

"நடக்கிறது."

அப்பா தேரியைப் பார்த்தார். என் செருப்பைப் பார்த்தார். "பேப்பர்ல இப்படிப் போடலியே" என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஹால்வர் அதற்குள், "கிரேஸ்தான் வழிகாட்டி. இவளுக்கு இந்தக் காடு மனப்பாடம்" என்று அறிமுகம் செய்துவிட்டார். பியோர்ன் சிரித்தபடி தன் திசைகாட்டியை ஜீப்பிலேயே போட்டுவிட்டதாகச் சொன்னார். உள்ளூர் ஆள் இருக்கும்போது அதை எடுத்து வருவது அவமரியாதையாம். வேலை பெர்மனென்ட் ஆவதும், அரிசி மில்லும் என் கண்முன் வந்து போயின. "வாங்க" என்று முன்னால் நடந்தேன்.

என் திட்டம் எளிமையானது. கடல் கிழக்கே. காலையில் சூரியனும் கிழக்கே. சூரியனைப் பார்த்து நடந்தால் கடல் வந்துவிடும். இந்தத் திட்டத்தில் ஒரு சின்னக் குறை இருந்தது. நேரம் ஆக ஆகச் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது.

அதற்கு முன்பே என் செருப்பின் குதிகால் முறிந்துபோனது. செருப்பை ஓர் உடை முள்மரத்துக் கிளையில் மாட்டிவிட்டு வெறுங்காலில் நடந்தேன். மண் சுட்டது. மேரித் தன் பையிலிருந்து கம்பளிக் காலுறை ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தாள். அவள் அம்மா பின்னியதாம், பனிக்கானது. பட்டுச் சேலைக்குக் கீழே முழங்கால் வரை கம்பளி. இருந்தும் நிமிர்ந்தே நடந்தேன். அவ்வப்போது நின்று, மண்ணைக் கொஞ்சம் அள்ளி விரல்களால் உதிர்த்துப் பார்த்து, "ம்" என்று தலையாட்டிவிட்டு வேறு பக்கம் திரும்புவேன். பியோர்ன் அதைப் படமெடுத்தார்.

வெகு நேரம் கழித்து மேரித் ஒரு மரத்தைக் காட்டினாள். "பார், உன்னைப் போலவே யாரோ செருப்பை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதே நிறம்."

அப்பா மக்ரூன் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினார். துக்க வீட்டில் காப்பி கொடுப்பதைப் போல இருந்தது.

"எனக்கு வழி தெரியாது" என்றேன். "தேரிக்குள்ளே நான் வந்ததே இல்லை."

ஹால்வர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அந்த நேரத்தில் பியோர்ன், எங்கே இருக்கிறோம் என்று பார்ப்பதற்காக மேட்டில் ஏறியவர், மண் சரிந்து உருண்டு எங்கள் காலடியில் வந்து விழுந்தார். கணுக்கால் பிசகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூசணிக்காயாக வீங்கியது. நிற்க முடியவில்லை. அவரைத் தூக்க ஹால்வரும் அப்பாவும் முயன்றார்கள். எழுந்தது அவர்கள் மூச்சு மட்டும்தான்.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் மை வழியும் என்று அடக்கிக்கொண்டேன். கொஞ்ச தூரத்தில் இரண்டு பனைகள் நின்றன, அடியில் காய்ந்த ஓலைகள் கிடந்தன. சிறு வயதில் நாங்கள் ஓலையின் விரிந்த பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, மட்டையைப் பிடித்துத் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு திரிவோம். அந்தக் கிரேஸ் ஒருபோதும் ஆங்கிலம் பேசியதில்லை. ஆனால் காரியக்காரி.

"அப்பா, நாலஞ்சு ஓலையை அடுக்கி இவரை இருத்தி இழுத்திரலாம்."

"மட்டையெல்லாம் கருக்குளா. கையக் கிழிச்சிரும். கயித்துக்கு எங்க போவ?"

நான் அவருடைய வேட்டியைப் பார்த்தேன். அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார். நாலு முழ வேட்டி இல்லை, எட்டு முழம். அப்பா குடையை மண்ணில் ஊன்றினார். "ஏளா, திரும்பிக்கோ" என்றார்.

நான் திரும்பினேன். வெளிநாட்டுக்காரர்களும், இது ஏதோ வழிபாடு என்று நினைத்துத் திரும்பிக்கொண்டார்கள். மறுபடி பார்த்தபோது அப்பா பச்சைக்கோடு போட்ட பட்டாபட்டி டிரவுசரோடு, வேட்டியை முறுக்கி மட்டைகளில் கட்டிக்கொண்டிருந்தார். மேலே முழுக்கைச் சட்டையில் பொத்தான் ஒன்றும் அவிழவில்லை.

பியோர்ன் தவழ்ந்து அதில் ஏறினார். ஓலை நகர்ந்ததும் அவர் முகம் மாறியது. மேட்டுச் சரிவில் அது எங்களை முந்திக்கொண்டு வழுக்கிப் போனது. அவர் கையைத் தூக்கிக் கத்தினார். வலியில் கத்துகிறார் என்று பதறி ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். தங்கள் ஊரில் இப்படிச் சறுக்கப் பனி விழும்வரை காத்திருக்க வேண்டுமாம்.

எந்தத் திசையில் இழுப்பது என்பதுதான் மிச்சம். அப்போது காற்று திரும்பியது. உச்சிவெயில் தாண்டினால் கடல்காற்று ஏறும். அதில் ஒரு வாடை வந்தது. நின்றுவிட்டேன்.

"அப்பா, கருவாடு."

"பசிக்கு அப்படித்தாம்ளா தெரியும்."

ஆனால் ஓலையில் இருந்த பியோர்னும் மூக்கை உயர்த்தியிருந்தார். இங்ரிட்டும் அப்படியே நின்றாள். அவர்கள் ஊரில் மீனை மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் காயப்போடுவார்களாம். பியோர்ன் பிறந்தது அப்படிப்பட்ட ஒரு கிராமத்தில். "மீன். காய்கிற மீன்" என்று அவர் கை நீட்டிய பக்கமும், என் மூக்கு காட்டிய பக்கமும் ஒன்றாக இருந்தன. இங்ரிட்டின் கண் கலங்கியிருந்தது. அவள் இத்தனை மாதம் மொட்டைமாடியில் தேடிய ஊர் வாசனை, தேரிக்காட்டில் வந்து சேர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் வழி தவறவில்லை. வாடை குறைந்தால் நிற்பேன், கூடினால் நடப்பேன். எல்லோரும் மாறி மாறி இழுத்தோம். கடைசி மேட்டில் ஏறியதும் கீழே கடல், கோயில் கோபுரம், கரையேற்றிய வள்ளங்கள், எங்கள் ஜீப். ஹால்வர் தொப்பியைக் கழற்றி என்னை நோக்கிக் குனிந்தார்.

ஆலந்தலைக்காரர்கள் கண்ட காட்சியை இப்போது நீங்களும் காண வேண்டும். முன்னால் பட்டாபட்டியோடு குடை பிடித்த ஒருவர். அடுத்து, பட்டுச் சேலையும் தலையில் பூவுமாக ஒரு பெண். பின்னால் ஓலையில் சிவந்த முகத்தோடு வீற்றிருக்கும் ஒரு வெள்ளைக்காரர், அவரை இழுத்து வருகிற சொந்தபந்தம். கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"என்ன ஏளா, கலியாணமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பார்வை அப்பாவின் மேல் போனது.

"பொண்ணுக்கு அப்பாவா? பாவம், மாப்பிள்ள வீட்டுக்காரங்க வேட்டியக்கூட விட்டு வைக்கலியே."

கரை முழுவதும் சிரித்தது. சாத்தான்குளத்தில் யாரும் அப்பாவின் முகத்துக்கு நேரே சிரித்ததில்லை. அவர் கோபத்தில் என்னை ஊருக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்று பயந்தேன். அப்பா குடையை மடக்கினார். "இன்னும் சட்டை இருக்குல்லா அக்கா. அத சீர்வரிசையில சேக்கல" என்றார். அப்புறம் அவரும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒரு வீட்டில் அப்பாவுக்கு இடுப்பில் கட்டிக்கொள்ளக் கட்டம்போட்ட சாரம் ஒன்று கொடுத்தார்கள். இன்னொருவர் பியோர்னின் காலுக்குக் கட்டுப்போட்டார். சுட்ட கருவாடும் சோறும் வந்தன. நார்வேக்காரர்கள் ஒரு முள்ளைக்கூட வீணாக்கவில்லை. சாப்பாட்டின்போதுதான் அப்பா ஹால்வரிடம், பேப்பரில் வரும் ஹைக்கைப் பற்றித் தன் ஆங்கிலத்தில் விளக்கினார். ஹால்வருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் சோற்றை விழுங்க முடியாமல் சிரித்தார்.

மாதக் கடைசியில் என் வேலை நிரந்தரமானது. பேப்பரில் வருகிற ஹைக்கும் சேர்ந்தே வந்தது. வழி தெரியாது என்று நடுக்காட்டில் ஒப்புக்கொள்ளும் ஆள் தனக்கு அலுவலகத்தில் தேவை என்று ஹால்வர் காரணம் சொன்னாராம்.

அரிசி மில் தானாக விலகிக்கொண்டது. ஏனென்றால் அப்பாவுக்கு நடைப் பைத்தியம் பிடித்துவிட்டது. கான்வாஸ் ஷூ வாங்கினார். சனிக்கிழமை ஆனால் கடையை அம்மாவிடம் விட்டுவிட்டுத் தேரிக்குக் கிளம்பிவிடுவார். என்னைப் பெண் பார்க்க யார் வந்தாலும் காப்பி முடிந்ததும், "வாங்க, அப்படியே ஒரு நட போயிட்டு வருவோம்" என்பார். மில்காரர் பாதி வழியில் மாட்டுவண்டி பிடித்துத் திரும்பினார். இன்னொருவர் காய்ச்சலில் படுத்தார். பாங்கில் வேலை பார்த்த சாமுவேல் மட்டும் தலையோடு கால் செம்மண்ணாக ஆலந்தலைவரை நடந்தார். "இவந்தாம்ளா மாப்பிள்ள" என்று அப்பா அன்று மாலையே முடிவு செய்துவிட்டார்.

வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் பேரப்பிள்ளைகள் இந்தக் கதையைக் கேட்பார்கள். பாட்டியின் அப்பா எப்படி உங்களை மட்டும் தேர்ந்தெடுத்தார் என்று சாமுவேலிடம் கேட்பார்கள். அவரும் சளைக்காமல் பதில் சொல்வார்.

"எனக்குத் திரும்பிப் போக வழி தெரியல. மாமா முன்னால நடந்தாவ, பின்னாலயே வந்துட்டேன்."

"இப்பமாவது தெரிஞ்சுதா தாத்தா?"

அவர் என் பக்கம் ஒரு தடவை பார்ப்பார். "இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."