முருகேஸ்வரி ஜப்பான்காரரிடம் ‘நோ’ சொன்னது

சின்னக்கானல்,
செவ்வாய்க்கிழமை.

கஞ்சிக்கோடு கம்பெனியில் வேலை பார்க்கும் என் மாப்பிள்ளை ஜெகன் அவர்களுக்கு, மாமனார் பிச்சைமணி முதியோர் வகுப்பில் எழுதப் படித்து, சொந்தக் கையால் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், மழையும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்க முனீஸ்வரன் துணை.

நான் மெதுவாக எழுதுகிறவன் என்பதால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முருகேஸ்வரியை வேலையை விட்டுவிட்டு அங்கே வரச் சொல்லாதீர்கள். அவள் வேலை நிரந்தரம் ஆகப் போகிறது.

காரணம் இங்கிலீஷ். வெளிநாட்டு வியாபாரிகளிடம் பேசப் பழக்குவதற்காக, அவள் வேலை பார்க்கும் எங்கள் தேயிலை ஃபாக்டரியில் பிஜு என்று ஒரு மலையாளி மாஸ்டரை வைத்திருக்கிறார்கள், நானும் வாசலில் உட்கார்ந்து கேட்பேன். இங்கிலீஷ் நம் தேயிலை வாங்கும் ஜப்பான்காரருக்கும் சொந்த பாஷை இல்லை, நமக்கும் இல்லை, அதனால் வெட்கம் வேண்டாம், சின்ன வார்த்தை போதும் என்பார் மாஸ்டர். முதல் நாள் அவரே ஜப்பான்காரராக நடித்து, இந்த மாதமே இருபது டன் தர முடியுமா என்று இங்கிலீஷில் கேட்டார், மொத்த வகுப்பும் எழுந்து நின்று “யெஸ் சார்!” என்றது.

“எந்தா இது! அத்தனை தேயிலை இங்க உண்டோ?” என்றார் மாஸ்டர்.

“ஏது சார், பாதிதான் தேறும்,” என்றார் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் ஏசுரத்தினம்.

“பின்னே எதுக்கு யெஸ்?”

“தொரை கேட்டா யெஸ் சார்தான சொல்லணும்? காதுல விழுந்துருச்சுன்னு அர்த்தம்.”

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வாரம் முழுக்க ‘நோ’ சொல்வது ஒன்றே பாடம். ஏசுரத்தினம் ஒவ்வொரு நோவுக்கும் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார்.

நேற்று நிஜ ஜப்பான்காரர் கம்ப்யூட்டரில் வந்து இருபது டன் கேட்டிருக்கிறார். உங்கள் மனைவி, “நோ சார். பத்துதான்,” என்றாளாம். மேனேஜர் தலையில் கை வைத்துவிட்டாராம். அந்த மனிதரோ குனிந்து கும்பிட்டு, “இதுவரை எல்லோரும் யெஸ் என்றார்கள், சரக்குதான் வரவில்லை,” என்று பத்து டன்னுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். இப்படிப்பட்ட பெண்ணைச் சமையலுக்கு மட்டும் கூப்பிடலாமா? நீங்களே யோசியுங்கள்.

நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
பிச்சைமணி

பி.கு.: முருகேஸ்வரி இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். “ஏப்பா, இன்னைக்கு நிரந்தரமாக்கிட்டாங்க. கம்ப்யூட்டர் வேலதான, கஞ்சிக்கோட்டுல இருந்தே பாருன்னு மேனேஜரே சொல்லிட்டாரு. ஞாயித்துக்கெழம கெளம்புறேன்,” என்கிறாள். ஆகவே மேலே உள்ளதைப் பொருட்படுத்த வேண்டாம். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. அவள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். பதிலை மட்டும் தபாலில் போடுங்கள்.