ஒரு லட்சத்து ஒன்றை வகுத்தவர்

மயிலாப்பூரில் எண்களுக்கு ஜாதகம் கணித்த ஒரே மனிதர் எங்கள் ‘வகுத்தல்’தான். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும். எந்த எண்ணைக் கண்டாலும், அதை எது வகுக்கும் என்று பார்க்காமல் மனிதருக்குச் சோறு இறங்காது. பஸ் டிக்கெட்டை வகுத்தபடி உட்கார்ந்து, கோயில் குளத்தருகே இறங்க வேண்டியவர் அடையாறு வரை போய்த் திரும்புவார். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணை விட்டுவிட்டுக் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தார் என்றுகூட ஒரு பேச்சு. நான் நம்புகிறேன்.

எழுபதுகளில், ஆற்றோரக் குடிசைக்காரர்களுக்கு அடுக்குமாடி வீடு ஒதுக்கும் ஆபீசில் எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த மேஜை. ஒருநாள் முனியம்மா என்பவரின் மனு வந்தது. எண் 1,00,001. அன்று முழுக்க அவருக்கு வேறு வேலை ஓடவில்லை.

“ஓய், இதைத் திருப்பிப் படிச்சாலும் அதேதான். ஒண்ணு விட்டு ஒண்ணா கூட்டிப் பாரும், ரெண்டு பக்கமும் சமம். அப்போ பதினொண்ணு வகுத்தே தீரணும்.”

“வகுத்தா என்ன சார் வரும்?”

“9091. அதை எண்பத்தொன்பது வரைக்கும் வகுத்து முட்டிப் பார்த்துட்டேன், அதுக்கு மேல பார்க்கத் தேவையே இல்லை, அசைய மாட்டேங்கறது. சுத்தமான பகா எண்.”

சொன்னதோடு விட்டாரா? மனுவின் ஓரத்தில் பென்சிலால் ‘11 × 9091’ என்று எழுதி மேலே அனுப்பிவிட்டார்.

அதிகாரி அதைத் தொடர்புள்ள கோப்புகளின் எண்கள் என்று நினைத்து, ‘இரண்டையும் இணைத்து அனுப்புக’ என்று மசியில் எழுதினார். பியூன் தேடி எடுத்தான். 11, உடைந்த நாற்காலி பற்றியது. 9091, குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற புகார். மூன்றையும் ஒன்றாகக் கட்டினார்கள். நாற்காலிக்கும் குழாய்க்கும் முனியம்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒவ்வொரு மேஜையாக விளக்கம் கேட்டுக்கொண்டு கட்டு மூன்று வாரம் சுற்றியது.

முனியம்மா வந்து நின்றாள். “இன்னா சார், என் பேப்பர் எங்க கீது? மழை வந்தா குடிசை ஆத்தோட பூடும். மூணு புள்ளைங்கள இட்டுக்கினு எங்க போவேன்?”

வகுத்தல் கட்டைத் தேடிப் பிரித்தார். தன் பென்சில் எழுத்தைக் கண்டதும் முகம் செத்துவிட்டது. அந்த மாதம்தான் அவருடைய பதவி உயர்வு அதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

“யார் எழுதினதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. வாயைத் திறக்காதீங்க சார்” என்றேன்.

“நான் சொல்லாம இது எப்படிய்யா நகரும்?” என்று நேரே உள்ளே போனார்.

அதிகாரி போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. வீட்டு உத்தரவில் அப்போதே கையெழுத்து விழுந்தது. வகுத்தலுக்கு மெமோ. பதவி உயர்வு எனக்கு வந்தது.

அந்த ஐப்பசியில் ஆறு கரை மீறியபோது முனியம்மா பிள்ளைகளோடு இரண்டாம் மாடியில் இருந்தாள். வகுத்தல் அதே பழைய மேஜையில், என்னை ‘சார்’ என்று கூப்பிட்டுக்கொண்டு இருந்தார். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் நான் கடைசிவரை கூசினேன்.