தாமதமாக வரும் டிரம்பெட்

கிரீம்ஸ்பேட்டை, சித்தூர்
சனிக்கிழமை

சௌபாக்கியவதி பத்மாசனிக்கு, சித்தூர் மன்னி அலர்மேல் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நான் க்ஷேமம். இத்தனை வருஷமும் இந்த வார்த்தையைப் பழக்கத்தில் எழுதிவந்தேன்; இன்று யோசித்து எழுதுகிறேன். ஏனென்றால் போன வியாழக்கிழமை காலை நான் போய்விட்டதாக எங்கள் தெருவில் நாற்காலி போட்டுவிட்டார்கள். திருப்பதியில் நீயும் உன் ஆத்துக்காரரும் மாட்டுப்பெண்ணும் சௌக்கியம் என்று நம்புகிறேன். உன் பிள்ளை கொடுத்த சாமான் திரும்பி வருகிறது, பின்னாலேயே நானும் வீட்டைப் பூட்டிக்கொண்டு உன்னிடம் வந்துவிடுகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ பதில் சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் அது முடியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் உன் பிள்ளை ஸ்ரீகிருஷ்ணா. போன மாதம் பெங்களூரிலிருந்து வந்தவன், "மாமி, நீங்க கான்வென்ட்ல பியானோ கத்துண்டவா, உங்களுக்குன்னே தேடி வாங்கினேன்" என்று ஒரு ரிகார்டு பிளேயரையும் ஒரு ஜாஸ் இசைத்தட்டையும் வைத்துவிட்டுப் போனானே, அதுதான். ஒரு டிரம்பெட், ஒரு பியானோ, வேறு யாரும் கிடையாது. தாளத்துக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ளக்கூடவா வசதியில்லை என்று கேட்டேன். "ரெண்டு பேருமே பார்த்துப்பா மாமி" என்றான். ஒருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. பியானோ அழகாக ஒன்று கேட்கிறது, நிறுத்துகிறது. டிரம்பெட் அப்போது வந்திருக்க வேண்டும். வருவதில்லை. நான் மேஜைமேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். பியானோ வேறு ஏதோ யோசனைக்குப் போன பிறகு டிரம்பெட் சாவகாசமாக வந்து, முதலில் கேட்டதற்குப் பதில் சொல்கிறது. எங்கள் பியானோ சிஸ்டராக இருந்தால் அடிஸ்கேலால் முட்டியில் ஒன்று வைத்து வராந்தாவில் நிறுத்தியிருப்பார். நான் நாகரிகமாக இசைத்தட்டின் உறைமேல் பென்சிலால் மார்க் மட்டும் போட்டேன். பியானோவுக்கு அறுபது, டிரம்பெட்டுக்கு முப்பத்திரண்டு. பின்னே ஏன் தினமும் அந்தத் தட்டைப் போட்டீர்கள் மன்னி என்று கேட்பாய். தவறு எங்கே என்று கண்டுபிடிக்கத்தான்.

வியாழக்கிழமை காலை ஒரே புழுக்கம், தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்துத் தட்டைப் போட்டேன். அதில் ஒரு பாட்டு ரொம்ப மெதுவாகப் போகும். இந்த ஊரில் டிரம்பெட் என்றால் பேண்டு செட் என்று உனக்கே தெரியும். வேகமாக ஊதினால் மாப்பிள்ளை அழைப்பு, நிறுத்தி நிறுத்தி ஊதினால் சவம் கிளம்புகிறது; மூன்றாவதாக ஒரு அர்த்தம் எங்கள் தெருவுக்குக் கிடையாது. கேட்கிற மும்முரத்தில், பால்காரன் வாசலில் போட்டுவிட்டுப் போன பால் பாக்கெட்டை வேறு நான் எடுக்கவில்லை. மாடியில் குடியிருக்கும் சந்திரம்மா பார்த்தாள். வெளியே பால் கிடக்கிறது, உள்ளே ஊதல் கேட்கிறது. தெருமுனையில் இஸ்திரி போடும் ஏகாம்பரத்திடம் ஓடினாள், அவன் ஷாமியானா கடைக்குப் போன் போட்டான், நான் தட்டைத் திருப்பிப் போட எழுந்தபோது வாசலெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி, ஏகாம்பரத்தின் கையில் மாலை. கதவைத் திறந்தேன். நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தே பார்க்காமல், "பாடி எக்கட?" என்று, பிணம் எங்கே என்பதைத் தெலுங்கில் கேட்டான். "நேனே" என்றேன், நான்தான் என்று. நாற்காலியைக் காலில் போட்டுக்கொண்டான்.

"அம்மா, நீங்களா?" என்றான் ஏகாம்பரம்.

"என் வீட்டில் வேறு யார் இருக்க வேண்டும்?"

சந்திரம்மா மூக்கைத் துடைத்தாள். "ஊதிகினே இருந்தாங்களாம்மா, பாலு வேற அப்படியே கெடந்துச்சு. சரி, உங்கள எடுக்கறாங்கன்னு நெனச்சிட்டேன்."

"எங்கள் குடும்பத்தில் பேண்டு வைக்கிற வழக்கமே இல்லை. ஐயா போனபோது நீ பார்த்தாயே."

"ஐயாவுக்கு வெக்கலம்மா. அதான், உங்களுக்காவது வெச்சாங்களேன்னு மனசுக்கு ஆறுதலா இருந்துச்சு."

மாலை சாமந்தி, பத்மா. அதுவும் முந்தின நாள் பூ. எனக்கு இந்தத் தெருவில் என்ன மதிப்பு என்பதை உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிட்டேன். நாற்காலி வந்துவிட்டதே என்று எல்லோரும் உட்கார்ந்தார்கள். வாசலில் கிடந்த அதே பாலைக் காய்ச்சி எல்லோருக்கும் காபி கொடுத்தேன். தட்டின் பின்பக்கத்தையும் போடச் சொன்னார்கள். "இந்த ஊதறவரு ஏம்மா இவ்ளோ லேட்டா வராரு?" என்று ஏகாம்பரம் கேட்க, "துன்னுட்டு வராரு போல" என்றாள் சந்திரம்மா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, உன் அண்ணா ஞாபகம் வந்துவிட்டது.

சமையலறையிலிருந்து "காபியா, மோரா?" என்று கேட்பேன். பேப்பருக்குப் பின்னால் சத்தமே இருக்காது. நான் காபியைக் கலந்து, துணியை மடித்து, தபால்காரரோடு ஒரு சண்டையையும் போட்டு முடித்த பிறகு "மோர்" என்பார். அவ்வளவு நேரம் தவறுகிற மனுஷரை நான் கண்டதில்லை. இப்பவும் கேட்டுடறேன் பத்மா, பழக்கதோஷம். கேட்டுட்டு காபிப்பொடி டப்பாவத் திறக்காம நிக்கறேன். திறந்துட்டா அவர் சொல்றதுக்குள்ள நானே முடிவு பண்ணின மாதிரி ஆயிடுமோன்னு இருக்கு.

ஆகவே தீர்மானித்துவிட்டேன். தெருவே ஒத்திகை பார்த்துவிட்ட பிறகு இங்கே தனியாக இருப்பது மரியாதை இல்லை. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை திருப்பதி வந்துவிடுகிறேன். உங்கள் ஆத்தில் மிக்ஸி, டிவி, பேரக்குழந்தைகள், கோவில் மைக். யாரும் எதற்கும் காத்துக்கொண்டு நிற்பதில்லை. எனக்கு அதுதான் நல்லது. ரிகார்டு பிளேயரையும் தட்டையும் பஸ் பார்சலில் முன்னால் அனுப்புகிறேன். ஸ்ரீகிருஷ்ணாவிடம் சேர்த்துவிடு, நேரத்துக்கு வருகிற யாருடைய தட்டையாவது அவன் வாங்கட்டும்.

உன் ஆத்துக்காரரை விசாரித்ததாகச் சொல். மாட்டுப்பெண்ணுக்கும் குழந்தைகளுக்கும் ஆசிகள். திருச்சானூர்த் தாயார் உன்னை மஞ்சள் குங்குமத்தோடும், கொஞ்சம் பொறுமையோடும் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அலர்மேல் விஜயராகவன்

பி.கு.: பார்சல் கட்டுவதற்கு முன்னால், ஊசி சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கடைசிப் பாட்டை ஒரு முறை போட்டேன். பியானோ கேட்டது, நிறுத்தியது. இத்தனை நாளும் அந்த இடைவெளியில் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று "காபியா, மோரா?" என்று கேட்டுவிட்டு நின்றேன். டிரம்பெட் தன் நேரத்துக்கு வந்தது. பார்சல் வராது. நானும் வரவில்லை, உங்கள் ஆத்து மிக்ஸியில் அந்த இடைவெளி காதில் விழாது. டிரம்பெட்டின் மார்க்கை ரப்பரால் அழித்துவிட்டேன். நீ புறப்பட்டு வா, நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம். செருப்பைக் கழற்றும்போதே காபியா, மோரா என்று கேட்பேன். உடனே பதில் சொல்லாதே.