நாற்பது பேர் கேட்க வேண்டிய கேள்வி

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரம். கடைசியாக ‘திவாலானோர் இலவசச் சட்ட ஆலோசனை மையம்’. இதற்குமேல் கண்டுபிடிக்க ஒன்றும் பாக்கியில்லை என்பதால்தான் அதன் ஆலோசகர் எந்த வேலையிலும் அவசரம் காட்டுவதில்லை.

அந்த மகத்தான மையத்தின் வாசலில் ஒரு நாள் ஒரு சலூன்காரர் வந்து நின்றார். சலூனைப் பெரிதாக்குகிறேன் பேர்வழி என்று கடன் வாங்கி ஏசி மாட்டி, சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்தவர். கண்ணாடி பதித்த கையோடு எதிரே இன்னொரு சலூன் முளைத்தது. அங்கே பாதிக் கூலி. அதன்பிறகு நாலு சுவரிலும் அவர் முகம் மட்டுமே தெரிந்தது. ஏசி போயிற்று, கண்ணாடி போயிற்று, கடையும் போயிற்று. வீட்டுக் கூடத்தில் மிஞ்சியது ஒரே ஒரு நாற்காலி. மிதியை அழுத்தினால் உயரும் பழைய இரும்பு நாற்காலி. அது இருந்தால் பஸ் நிலைய ஓரத்தில் போட்டாவது சோற்றுக்கு வழி பண்ணிவிடலாம்.

“அதையும் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னா?” என்று காலையில் மனைவி கேட்டிருந்தாள்.

“சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. கேட்டுட்டு வரேன்.”

“கேளுங்க. கடன் வாங்கறப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இப்ப சட்டத்தைக் கேக்க வேண்டியிருக்காது.”

மையத்தின் பெருமையே சுவரில் மாட்டியிருந்த பலகைதான். ‘பொதுவாகக் கேட்கப்படும் கேள்விகள்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. சலூன்காரர் பயபக்தியோடு படித்தார்.

‘திவாலானால் சிறையா? இல்லை. சிறையில் சாப்பாடு உண்டு. திவாலுக்கு அந்த வசதி இல்லை.’

‘மனுக் கொடுக்கக் கட்டணம் உண்டா? உண்டு. கடன் சொல்லக் கூடாது.’

‘மனைவிக்குத் தெரிந்துவிடுமா? செய்தித்தாளில் அறிவிப்பு வரும். மனைவி செய்தித்தாள் படிப்பவரா என்பதைப் பொறுத்தது.’

நாற்காலியைப் பற்றி ஒரு வரி இல்லை. உள்ளே போனார். ஆலோசகர் ஒரு மர நாற்காலியில் தலையணை போட்டு, முதுகுவலியோடு நெளிந்துகொண்டிருந்தார்.

“சார், என்கிட்ட ஒரு சலூன் நாற்காலி இருக்கு. திவால் மனு போட்டா அதை ஜப்தி பண்ணிடுவாங்களா?”

ஆலோசகர் கதவு வழியே பலகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அது பொதுவான கேள்வி இல்லையேப்பா.”

“எனக்கு அதான் சார் கேள்வி.”

“அதைத்தான் சொல்றேன். உனக்கு மட்டும்தான் கேள்வி. இங்க பொதுவான கேள்விக்கு மட்டும்தான் பதில். நாற்பது பேர் கேட்டா அது பொதுக் கேள்வி. குழு கூடும், பதில் எழுதும், பலகையில ஏத்துவோம்.”

“நானே நாற்பது தடவை கேட்டா?”

“அது தொந்தரவு.”

“பதில் உங்களுக்குத் தெரியாதா சார்?”

“தெரியும். தெரிஞ்சதையெல்லாம் சொல்லிட்டிருந்தா அப்புறம் முறைன்னு எதுக்கு இருக்கு?” முதுகைப் பிடித்துக்கொண்டே ஒரு சந்தேகம் கேட்டார்: “ஆமா, அந்த நாற்காலி சாஞ்சு உக்கார நல்லாயிருக்குமா?”

“சொகுசா இருக்கும் சார். என்ன, ஏத்தறது யாருக்கும் வரும். பெடல் பழசு, இறக்கறது எனக்கு மட்டும்தான் வரும்.”

ஆலோசகர் இதில் முதல் பாதியை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் நொடித்துப்போனவர்களின் பேரவையே உட்கார்ந்திருந்தது. சலூன்காரர் விஷயத்தைச் சொன்னதும், டியூஷன் சென்டர் நடத்தி மூழ்கிய டீச்சர் ஒருவர் எழுந்தார். “இவ்வளவுதானே? நான் கேக்கறேன்” என்று சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

“சார், என் சலூன் நாற்காலியை ஜப்தி பண்ணுவாங்களா?”

“நீங்க சலூன் வெச்சிருக்கீங்களாம்மா?”

“இல்ல சார். பொதுவாத்தான் கேக்கறேன்.”

ஆலோசகருக்கு மெய்சிலிர்த்தது. தான் ஏற்படுத்திய முறையை ஒரு குடிமகள் இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டது அதுவே முதல் தடவை. அடுத்து ஓட்டல் நடத்திக் கவிழ்ந்தவர் கேட்டார். அவருக்குப் பின்னால் சுத்த வழுக்கைத் தலையர் ஒருவர் வந்து, தழுதழுத்த குரலில் சலூன் நாற்காலியைப் பற்றிக் கவலைப்பட்டார். கையில் இருந்ததையெல்லாம் இழந்தவர்கள், இல்லாத நாற்காலிக்காக வரிசையில் நின்றார்கள். மாலைக்குள் நாற்பது பேர் கேட்டாயிற்று.

குழு கூடியது. ‘சலூன்’ என்று எழுதுவதா, ‘முடிதிருத்தகம்’ என்று எழுதுவதா என்று விவாதித்துக் கலைந்தது. மறுபடி கூடியது. தலைவர் வராததால் தேநீர் மட்டும் நிறைவேறியது. இப்படிக் குழு பொறுப்போடு உழைத்துக்கொண்டிருந்த வாரத்தில், கடன் கொடுத்தவர் போட்ட வழக்கில் கோர்ட் அமீனா ஆளோடு வந்து நாற்காலியைத் தூக்கினார்.

“இதைப் பத்திக் கேள்வி கேட்டிருக்கோம், பதில் வரட்டும்” என்று மனைவி வழியை மறித்தாள்.

“பதில் வந்தா சொல்லுங்கம்மா, நானும் தெரிஞ்சுக்கறேன்” என்றார் அமீனா மரியாதையாக. நாற்காலி வேனில் ஏறியது. கூடத்துச் சிமெண்டுத் தரையில் அதன் அடித்தட்டு வட்டமாக விட்டுப்போன துருக்கறையை அவள் துடைக்கவில்லை.

சில வாரம் கழித்து, பதில் வந்துவிட்ட சேதி தெரிந்து சலூன்காரர் மையத்துக்கு ஓடினார். பலகையில் பெயின்ட் காயாத புது வரி மின்னியது: ‘சலூன் நாற்காலியை ஜப்தி செய்யலாமா? கூடாது. அது தொழில் கருவி.’

நியாயம் ஜெயித்துவிட்டது என்று கதவைத் தள்ளினார். உள்ளே ஆலோசகர் அவருடைய நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“வாப்பா! உன் கேள்வி பலகையில ஏறிடுச்சு, பாத்தியா?”

“சார்... இது என் நாற்காலி.”

“இருந்தது. ஏலத்துல யாரும் சீந்தல. விலை போகாத பொருள் அலுவலக உபயோகத்துக்கு வரும்.”

“ஜப்தி பண்ணக் கூடாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே!”

“ஜப்திக்கு முன்னாடியே கேட்டிருக்கணும்ப்பா.”

“கேட்டேனே சார்!”

“கேட்டே. அப்ப அது பொதுக் கேள்வி ஆகலையே.” இந்தப் பதிலின் அழகில் அவரே சொக்கிப்போய், நாற்காலியின் மிதியை ஆசையாக ஒரு மிதி மிதித்தார். உயர்ந்தார். உயரம் பிடித்துப்போயிற்று. இன்னொரு மிதி, அப்புறம் இன்னொன்று. இரண்டு தொடையும் கனத்த இரும்பு மேசையின் அடியில் போய் இறுக்கமாகச் சிக்கிக்கொண்டன. எழவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. மிதியை உதைத்துப் பார்த்தார். நாற்காலி இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்தது.

“ஐயோ! யப்பா, தொடை போச்சே! இதை எப்படிப்பா கீழ இறக்கறது?”

சலூன்காரர் கையைக் கட்டிக்கொண்டு, வெளியே தெரிந்த பலகையை மேலிருந்து கீழ்வரை நிதானமாக ஒருமுறை படித்தார்.

“இது பொதுவான கேள்வி இல்லையே சார்.”

“விளையாடாதப்பா, வலிக்குது! பதில் உனக்குத் தெரியும்தானே?”

“தெரியும் சார். நாற்பது பேர் கேக்கட்டும்.”

கதவு திறந்தே இருந்தது. வெளியே பெஞ்சில் அன்று நாற்பது பேருக்கு மேலேயே இருந்தார்கள். ஆலோசகர் போட்ட கூச்சல் எல்லோர் காதிலும் விழுந்தது. டீச்சர் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். வழுக்கைத் தலையர் மின்விசிறியைப் பார்த்தார். தனக்குச் சம்பந்தமில்லாத கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அத்தனை பேருக்கும் அந்த ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுத்தது அந்த மகத்தான மையம்தான்.