தேனீக்கு விட்ட பூ

என் வாழ்க்கையில் நானாக எடுத்த முடிவு ஒன்றே ஒன்று. இனிமேல் வாளி தூக்குவதில்லை.

மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்புக்கு லிஃப்ட் கிடையாது. மொட்டைமாடியில் குழாயும் கிடையாது. ஆனால் என் மனைவி சூடாமணிக்கு அங்கே பெட்டூனியா வளர்க்க ஆசை. கண்காணாத தேசத்துச் செடி. நம் ஊர் வெயிலில் காலையும் மாலையும் மடக்கு மடக்கென்று குடித்தது. சுமந்தது நானும் என் இடுப்பும். எனக்கு மிச்சமிருந்த ஒரே சுகம் விடியற்காலைத் தூக்கம்தான். சூடாமணி மாடவீதிக்குப் போய் சுவாமிக்குப் பூ வாங்கி வரும் நேரம் அது. வீடு அத்தனை அமைதியாக இருக்கும்.

கார்த்திகையில் ஒரு நாள் தேனீக்களைத் துணைக்கு அழைத்தேன்.

"சூடா, ஊர்ல தேனீயே இல்லாமப் போயிண்டிருக்கு. நம்ம ஊர்ச் செடி வெச்சாத்தான் அதுக்குச் சாப்பாடு. தும்பை, துளசி, ஆவாரை, சங்குபுஷ்பம்..."

"உங்களுக்கு எப்பலேருந்து தேனீ மேல கரிசனம்?"

"ஜீவகாருண்யம்டி!"

"அதுக்கெல்லாம் தண்ணி?"

"வேர் பிடிச்சுட்டா அவ்வளவா வேண்டாமாம்" என்றேன், முடிந்தவரை சோகமாக.

அவள் என் இடுப்பை ஒருமுறை பார்த்தாள்.

"சரி. ஆனா தை பொறக்கறதுக்குள்ள தேனீ வரணும். வரலேன்னா பெட்டூனியா திரும்பி வரும். வாளியும் வரும்."

பெட்டூனியா பக்கத்து வீட்டு மஹதியிடம் அடைக்கலம் போயிற்று. அதன் இடத்தில் தும்பையும் துளசியும் சங்குபுஷ்பமும் குடியேறின.

மார்கழி வந்தது. தேனீ வரவில்லை. நான் எழுந்து மாடிக்குப் போகும்போது செடியில் வெறும் இலைதான் இருக்கும். பூக்காத செடிக்கு எந்தத் தேனீ வரும்? உரம் போட்டேன். மண்ணைக் கிளறினேன். செடியிடம் கெஞ்சியும் பார்த்தேன். தை நெருங்க நெருங்க, தூக்காத வாளிக்கே இடுப்பு வலித்தது.

ஒரு நாள் தற்செயலாக பூஜை அலமாரியைப் பார்த்தேன். சிவனுக்குத் தும்பை. அம்பாளுக்குச் சங்குபுஷ்பம். பெருமாளுக்குத் துளசி, கதிரோடு.

"அடிப்பாவி! எல்லாத்தையும் பறிச்சுட்டயா? தேனீக்குன்னா வெச்சேன்!"

"ஆத்துல பூத்த பூவை சுவாமிக்கு வைக்காம? எனக்கும் மாடவீதிக்கு அலைய வேண்டாம்."

"இப்படிப் பறிச்சா தேனீ எப்படி வரும்?"

"வராது" என்றாள் சூடாமணி. "தை வந்துண்டிருக்கு."

"இனிமே ஒரு பூவைத் தொடப்படாது!"

"தொடலை. சுவாமிக்கு?"

பதில் சொன்னது நான் இல்லை, என் இடுப்பு.

"நான் வாங்கிண்டு வரேன்! தினமும்!"

"கார்த்தால அஞ்சு மணிக்கா? பாவம், உங்களால எழுந்துக்க முடியாதேன்னா" என்று உருகினாள்.

"ஏன் முடியாது? முடியும்!" என்று சத்தியமே செய்துவிட்டேன்.

மறுநாள் இருட்டில், மப்ளர் சுற்றிக்கொண்டு, கொட்டாவியோடு மாடவீதி போய்ச் சேர்ந்தேன். பூக்காரி முனியம்மாளின் கூடையைச் சுற்றி, விளக்கு வெளிச்சத்தில், அந்நேரத்துக்கே நாலு தேனீ. பார்க்கவே வயிறு எரிந்தது.

"சூடாமணி ஆத்துலேருந்து..." என்று ஆரம்பித்தேன்.

முனியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா நைனா, இவ்ளோ லேட்டு? மார்கழி பொறந்தா நீதான் வந்து வாங்குவேன்னு மாமி கார்த்திகையிலயே சொல்லிட்சே!"